ஒரு வாட் மின்சாரத்தின் பொறுப்பு

செப்புக் கம்பியில் வந்த லேண்ட்லைனுக்கு வீட்டுச் சுவரில் பிளக் பாயிண்ட் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல்டோன் கேட்டது. குரலைக் கொண்டுவந்த அதே இரண்டு கம்பிகள்தான் மின்சாரத்தையும் கொண்டுவந்தன. எக்ஸ்சேஞ்சில் ஓர் அறை நிறைய ஈய-அமில பேட்டரிகள் வரிசை கட்டி நிற்கும். அவை 48 வோல்ட் நேர்திசை மின்சாரத்தை ஒவ்வொரு சந்தாதாரரின் கம்பியிலும் இரவு பகலாக வைத்திருக்கும். ரிசீவரை எடுத்ததும் சில பத்து மில்லிஆம்பியர் ஓடத் தொடங்கும். மணியடிக்க மட்டும் எழுபது, தொண்ணூறு வோல்ட் அளவில் மாறுதிசை மின்சாரம் வரும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு தொலைபேசியின் பேச்சுக்கு ஒரு வாட்டுக்கு முன்பின்தான் செலவு. அந்த ஒரு வாட்டுக்குப் பின்னால் பேட்டரி, பேட்டரிக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவந்து ஊற்ற வேண்டிய ஊழியர், அவர் செய்யத் தவறினால் பதில் சொல்ல வேண்டிய ஒரு துறை என்று ஒரு நீண்ட சங்கிலி இருந்தது.

இது தொடக்கத்திலேயே அமைந்துவிட்ட ஏற்பாடு அல்ல. 19-ஆம் நூற்றாண்டுத் தொலைபேசிகளில் மின்கலம் வீட்டில்தான் இருந்தது. சுவரில் மாட்டிய மரப்பெட்டிக்குள் கலங்கள் இருக்கும். எக்ஸ்சேஞ்சை அழைக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கலம் வலுவிழந்தால் குரல் மங்கும். கம்பெனி ஆள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து மாற்ற வேண்டும். சந்தாதாரர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது இது தாங்கவில்லை. 1890களில் அமெரிக்காவில் பொது பேட்டரி முறை வந்தது. வீடுகளில் சிதறிக்கிடந்த கலங்களை எடுத்துவிட்டு, எக்ஸ்சேஞ்சில் ஒரே இடத்தில் பெரிய பேட்டரியை வைத்தார்கள். செலவைக் குறைக்கத்தான் செய்தார்கள். ஆனால் அதனால் விளைந்தது செலவுக் கணக்கையும் தாண்டியது. வீட்டில் என்ன நடந்தாலும், அழைக்கும் வழியைத் திறந்துவைப்பது கம்பெனியின் வேலை என்றாகிவிட்டது. ஒப்பந்தத் தாளில் யாரும் இதைக் கொட்டை எழுத்தில் எழுதவில்லை. கம்பியின் அமைப்பே அதை எழுதிவைத்திருந்தது. நூறாண்டுகளுக்கு மேல் உலகத்தின் பெரும்பகுதி அந்த எழுதாத வாக்கை நம்பி வாழ்ந்தது.

ஒளி இழையின் மேன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தலைமுடியின் தடிமன் உள்ள கண்ணாடி. தண்ணீர் பட்டால் செம்பு பச்சை பூத்துப் பேச்சில் இரைச்சல் வரும். இதில் அது இல்லை. இடி விழுந்தால் மின்னல் இதன் வழியே வீட்டுக்குள் பாயாது. திருடிக்கொண்டு போய் எடைக்குப் போட முடியாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் ஓர் இழை தெருமுனையில் ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு பெட்டியில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. இருபது கிலோமீட்டர் வரைக்கும் நடுவில் எங்கும் மின்சாரம் தேவையில்லை. மின்சாரம் இல்லாததால் பழுதாக எதுவுமில்லை. குழிக்குள் வைத்து மூடிவிட்டுப் பல ஆண்டுகள் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். பொறியியலில் இவ்வளவு அடக்கமான, இவ்வளவு உறுதியான அமைப்புகள் குறைவு.

ஆனால் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வீட்டுக்குள் ஒளியை மின்குறியாக மாற்றும் வெள்ளைப் பெட்டி, ஓஎன்டி, வீட்டு மின்சாரத்தில் ஓடியாக வேண்டும். அதற்கு ஐந்து முதல் பத்து வாட் வேண்டும். வைஃபை ரவுட்டர் தனியாக இருந்தால் அதற்கும் அதே அளவு. கரண்ட் போனால் பெட்டி அணைகிறது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருப்பதால் ஒளி மட்டும் நிற்பதில்லை. அது வீட்டுச் சுவர்வரை வந்துகொண்டேதான் இருக்கிறது. அதைக் குரலாக்க அங்கே ஏதுமில்லை. 1890களில் வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போன பேட்டரி மறுபடி வீட்டுக்கே வந்துவிட்டது. இந்த முறை அதைப் பார்த்து மாற்ற கம்பெனி ஆள் வருவதில்லை. ஓஎன்டியோடு காப்பு பேட்டரி கொடுத்த நாடுகளிலும் அது சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும் சிறு பேட்டரிதான். மாற்றும் கடமை வீட்டுக்காரருடையது. அவர் மாற்றினாரா என்று யாருக்கும் தெரியாது, மின்வெட்டு வரும் நாள்வரை.

இந்தப் பொறுப்பு கைமாறியது பெரிய விவாதம் எதுவும் இல்லாமல்தான். வேகம் பேசப்பட்டது, விலை பேசப்பட்டது, பள்ளம் தோண்டும் அனுமதி பேசப்பட்டது. இருட்டில் யார் பொறுப்பு என்ற கேள்வி, பேரிடர் ஒவ்வொன்றும் நடந்து முடிந்த பிறகே எழுந்தது. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தாக்கியது. நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் ஐலண்ட் தீவில் செப்புக் கம்பிகள் உப்புநீரில் ஊறி வீணாயின. அவற்றை மறுபடி போடுவதில்லை என்று வெரைசன் நிறுவனம் முடிவெடுத்து, பதிலுக்கு வயர்லெஸ் தொலைபேசிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தது. தீவு மக்கள் எதிர்த்தார்கள். 2013 செப்டம்பரில் நிறுவனம் இறங்கிவந்து ஒளி இழை போட ஒப்புக்கொண்டது. நல்ல முடிவுதான். ஆனால் இழை வந்த வீட்டிலும், கம்பியோடு கூடவே வந்த மின்சாரம் திரும்பி வரவில்லை. 2015-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு விதி செய்தது: வீட்டுத் தொலைபேசிச் சேவை தருகிறவர்கள் எட்டு மணி நேரம் தாங்கும் காப்பு மின்சாரத்தை வாடிக்கையாளர் கேட்டால் தர முன்வர வேண்டும், மூன்றாண்டுகளுக்குள் 24 மணி நேரம் தாங்குவதையும் தர முன்வர வேண்டும். விலை வாடிக்கையாளருடையது. கேட்கத் தெரிந்தவருக்கும் வாங்க முடிந்தவருக்கும் அது கிடைத்தது. அந்த விதியும் 2025-ல் காலாவதியானது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. அங்கே தனியாக வாழும் முதியோரும் நோயாளிகளும் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டிக்கொள்கிறார்கள். குளியலறையில் விழுந்துவிட்டால் அழுத்த வேண்டியது. அது வீட்டுத் தொலைபேசி வழியாக உதவி மையத்தை அழைக்கும். இப்படி அழைப்புப் பொத்தானை நம்பி வாழ்பவர்கள் சுமார் 18 லட்சம் பேர். பழைய தொலைபேசிப் பிணையத்தை 2025 டிசம்பருக்குள் மூடிவிடுவதாகத் தொலைத்தொடர்புத் துறை திட்டமிட்டிருந்தது. புதிய இணைப்புக்கு மாற்றப்பட்ட சில வீடுகளில் அந்தப் பொத்தான் வேலை செய்யாமல் போன கடுமையான சம்பவங்களுக்குப் பிறகு, 2023 டிசம்பரில் அரசு தலையிட்டது. விருப்பமில்லாதவரை மாற்றுவதை நிறுத்திவைக்க நிறுவனங்கள் கையொப்பமிட்டன. கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

அதே நாட்டின் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018-ல் தந்த வழிகாட்டுதல்: லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு மின்வெட்டின்போது அவசர அழைப்புக்கு குறைந்தது ஒரு மணி நேரம் வழி இருக்க வேண்டும். 2021 நவம்பர் 26 அன்று ஆர்வென் புயல் வடக்கு இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் தாக்கியது. சுமார் பத்து லட்சம் வீடுகளில் மின்சாரம் போனது. ஏறத்தாழ 4,000 வீடுகளில் ஒரு வாரத்துக்கு மேல் வரவில்லை. பெரும்பாலான மின்வெட்டுகள் குறுகியவை என்பதால் ஒரு மணி நேரம் போதும் என்பதற்குப் புள்ளிவிவர நியாயம் இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பெரும்பாலான நாட்களை வைத்து அளப்பது சரியல்ல. உயிர் போகும் நாள் வருடத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த நாளில்தான் முதியவர் கூப்பிடுவார்.

எல்லோரிடமும் செல்போன் இருக்கிறதே என்ற பதிலை அடிக்கடி கேட்கிறோம். அதைத் தள்ளிவிட முடியாது. பெரும்பாலான நாட்களில் உண்மையும் அதுதான். ஆனால் செல்போன் கோபுரம் வானத்திலிருந்து பேசுவதில்லை. அதன் அடியிலிருந்து ஒளி இழையோ மைக்ரோவேவ் இணைப்போ போகிறது. அதற்கும் பேட்டரி சில மணி நேரம்தான். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்க வடகிழக்கும் கனடாவின் ஒன்டாரியோவும் இருண்டபோது, கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்க, பழைய லேண்ட்லைன்களில் பெரும்பாலானவை பேசிக்கொண்டிருந்தன. கத்ரீனா புயலுக்குப் பிறகு, கோபுரங்களில் எட்டு மணி நேரக் காப்பு மின்சாரம் வேண்டும் என்று 2007-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் போட்ட விதி, எதிர்ப்புகளுக்கிடையே நடைமுறைக்கே வராமல் போனது.

எக்ஸ்சேஞ்ச் பேட்டரியும் அழிவில்லாததல்ல. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு ஜப்பானின் வடகிழக்கில் பல எக்ஸ்சேஞ்சுகள் நீரில் மூழ்காமலே முடங்கின. பேட்டரியும் டீசலும் தீர்ந்ததுதான் காரணம். ஆனால் எக்ஸ்சேஞ்ச் என்றால் டீசல் லாரி போய்ச் சேர வேண்டியது ஒரு வாசலுக்கு. பத்தாயிரம் வீட்டு பேட்டரி என்றால் பத்தாயிரம் வாசல்.

இப்போது இந்தக் கேள்வி வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில், தெருமுனைப் பெட்டியில் வந்து நிற்கிறது. காரணம், பிணையத்துக்கு நெகிழ்வு தேவைப்படுவது. ஸ்ப்ளிட்டர் ஒளியை எப்போதும் ஒரே விகிதத்தில்தான் பிரிக்கும். 32 கிளைகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று சதவீதம். ஒரு கிளையில் ஆளே இல்லாவிட்டாலும் அதற்குரிய பங்கு அங்கே போய் வீணாகும். ஒரு பாதையில் ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டால், வேறு பாதையில் இழை இருந்தும் ஒளியைத் திருப்பிவிட ஆள் போயாக வேண்டும். பெட்டியைத் திறந்து ஸ்ப்ளைஸ் செய்தாக வேண்டும். பங்கைக் கூட்டவும் குறைக்கவும், அறுந்த வழியை விட்டு வேறு வழிக்குத் திருப்பவும், எக்ஸ்சேஞ்சிலிருந்தே கட்டளையிடக்கூடிய கருவிகள் தெருமுனையில் இருந்தால் பிணையம் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும். ஆனால் அப்படி ஒரு கருவியை வைத்த மறுகணமே, குழிக்குள் மின்சாரம் வேண்டும். நடுவில் மின்சாரம் வேண்டாத பிணையத்தின் பெரிய வரமே பறிபோகும்.

ஏரிப் பாசனத்தில் மடைப் பலகையை நினைத்துக்கொண்டால் இதற்கு விடை தெரியும். பலகையை இறக்கவும் ஏற்றவும் ஆள் வேண்டும். இறக்கியபின் அது தானாக நிற்கும். இரவெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்க யாரும் வேண்டாம். ஒளி ஸ்விட்ச்சுகளிலும் இந்த வகை உண்டு. திரும்பும் நொடியில் மட்டும் மின்சாரம் கேட்கும். திரும்பிய நிலையில் எதுவும் கேட்காமல் நிற்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010களில் இத்தகைய ஸ்விட்ச்சுகளைக் கொண்டு ஒளிக்கணு ஒன்றை வடிவமைத்தார்கள். அதற்கான ஆற்றலை இழையில் வரும் ஒளியிலிருந்தே எடுத்துச் சேமித்துக்கொள்ளலாம். கணக்கு எளிது. ஒரு மில்லிவாட் மின்சாரம் ஒரு மணி நேரம் மின்தேக்கியில் சேர்ந்தால் 3.6 ஜூல். சிறிய ஒளி ஸ்விட்ச் ஒரு தடவை திரும்பச் சில மில்லிஜூல் போதும். கட்டளையைக் கேட்டுக்கொண்டிருக்கும் சுற்றுக்கும் ஒரு பங்கை ஒதுக்கினால்கூட, மீதியில் தேவைக்கு மேல் பலமுறை திருப்பலாம்.

தெருமுனைக்கு மின்சாரம் கொண்டுபோக வேறு வழிகளும் உண்டு. பக்கத்து மின்கம்பத்திலிருந்து இணைப்பு வாங்கலாம். மீட்டர், மாதக் கட்டணம், அனுமதி எல்லாம் சேரும். புயலில் முதலில் சாய்வதும் அந்தக் கம்பம்தான். எக்ஸ்சேஞ்சிலிருந்து பழைய செப்பு இணைகள் வழியே அனுப்பலாம். இதற்குப் பன்னாட்டுப் பாதுகாப்புத் தரம் உண்டு. கம்பியைத் தொட்டு வேலை செய்யும் லைன்மேனின் உயிரை முன்வைத்து, ஒரு சுற்றில் 100 வோல்ட்-ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது என்கிறது அது. நடுத்தர வேலைகளுக்கு இது நல்ல வழி. ஆனால் செம்பைப் பிடுங்கி விற்றுக்கொண்டிருக்கும் காலத்தில், மின்சாரத்துக்காக அதை வைத்துக்கொள்ளும் பொறுமை யாருக்கும் இல்லை.

மூன்றாவது வழி ஐரோப்பாவில் தரமாகவே வகுக்கப்பட்டிருக்கிறது: வீட்டிலிருந்து தெருப்பெட்டிக்கு எதிர்த்திசையில் மின்சாரம் அனுப்புவது. இழை தெருப்பெட்டிவரை வந்து, கடைசிச் சில பத்து மீட்டர் மட்டும் பழைய செம்பில் போகும் இடங்களுக்கானது இது. பொறியியலாக நேர்த்தியானது. ஒரே ஒரு வீட்டில் மின்சாரம் இருந்தாலும் பெட்டி ஓடும்படி வடிவமைக்கிறார்கள். ஆனால் பொறுப்பின் பயணத்தைப் பாருங்கள். முதலில் எக்ஸ்சேஞ்ச் வீட்டுக்கு மின்சாரம் தந்தது. பிறகு வீடு தனக்குத்தானே பார்த்துக்கொண்டது. இப்போது வீடு, கம்பெனியின் பெட்டிக்கும் சேர்த்துத் தருகிறது. தெரு முழுதும் கரண்ட் போனால், இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டுக்கு மட்டும் வழி திறந்திருக்கும். வசதியுள்ள வீட்டின் மின்சாரத்தில் பொதுப்பெட்டி ஓடுவதும், வசதியில்லாத வீட்டில் மோடம் அணைந்து கிடப்பதும் எனக்கு ஏற்புடையதல்ல. தகவல் தொடர்பு ஒரு பொதுச் சேவை என்று இன்னும் நம்புகிறவர்கள் இதை வெறும் சுற்றமைப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீதி இருப்பது ஒளி. இழை மின்சாரத்தைக் கொண்டுபோகாது, ஆனால் ஒளியைக் கொண்டுபோகும். ஒரு முனையில் லேசர், மறுமுனையில் சூரியத் தகட்டின் குறுவடிவம் ஒன்று, நடுவில் கண்ணாடி. இது புதிய யோசனையே அல்ல. 1978-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார், ஒளி இழை வழியே வரும் ஒளியின் ஆற்றலை மட்டும் கொண்டு ஒலிக்கும் தொலைபேசி மணி ஒன்றைச் செய்து, தங்கள் ஆய்விதழில் எழுதினார்கள். நகர்களில் ஒளி இழை பரவத் தொடங்காத காலம் அது. வீடுகளுக்குக் கண்ணாடி வந்தால் மணி எப்படி அடிக்கும் என்று அப்போதே சிலர் கவலைப்பட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, ஒளியின் ஆற்றலிலேயே குரல் தடம் ஓடும் இணைப்பையும் அதே ஆய்வுக்கூடம் செய்துகாட்டியது. இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு மரியாதை ஏற்படுகிறது. செம்பை அகற்றப்போகிறவர்களே, செம்பு செய்துவந்த காவல் வேலையை யார் செய்வது என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் வழியைக் காட்டினார்கள். தொழில் அந்த வழியில் போகவில்லை.

போகாததற்கு நேர்மையான காரணங்கள் உண்டு. தகவல் செல்லும் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் இழை மிகத் தெளிவானது. பத்து கிலோமீட்டர் போனபின்னும் ஒளியில் அறுபது சதவீதத்துக்கு மேல் எஞ்சும். ஆனால் அந்த அலைநீளத்தில் ஒளியை மின்சாரமாக்கும் செல்கள் அவ்வளவு திறமையானவை அல்ல. ஒரு வாட் ஒளியை உள்ளே விட்டால் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் கால் வாட் மின்சாரம் கிடைத்தால் நல்லது. அந்த ஒரு வாட் ஒளியை உண்டாக்கவே எக்ஸ்சேஞ்சில் மூன்று நான்கு வாட் செலவாகும். குறைந்த அலைநீளங்களில் செல்கள் அபாரமானவை. ஜெர்மனியின் ஃப்ரௌன்ஹோஃபர் நிறுவனம் 2021-ல், 858 நானோமீட்டர் லேசர் ஒளியில் 68.9 சதவீதத்தை மின்சாரமாக்கிக் காட்டியது. ஆனால் அந்த அலைநீளத்தில் இழை கலங்கலானது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பாதிக்கு நெருக்கமாக இழந்துகொண்டே போகும்.

ஒளியைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. இழையின் நடுவில் ஒளி ஓடும் உள்ளகத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் திணித்தால், எங்காவது ஒரு தூசியோ கூர்வளைவோ சூடாகி, அந்த இடத்தில் கண்ணாடி எரியத் தொடங்கும். எரியும் புள்ளி ஒளி வரும் திசையை நோக்கி, வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில், பின்னோக்கி நடந்துவரும். வந்த வழியெல்லாம் உள்ளகம் குமிழ்களாகச் சிதைந்து கிடக்கும். 1980களின் கடைசியில் பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வாளர்கள் இதை முதலில் கண்டார்கள். லேசரை அணைக்காவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் இழை பாழாகும். இழையைச் சீவி இணைக்கும் தொழிலாளியின் கண்ணுக்கும் ஆபத்து உண்டு. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவு இடையூறுகளுக்கும் நடுவே, ஜப்பானின் என்டிடி நிறுவனமும் ஹொக்கைடோ தீவிலுள்ள கிடாமி தொழில்நுட்பக் கழகமும் 2023-ல் ஒன்றைச் செய்துகாட்டின. வழக்கமான தடிமன் கொண்ட ஒரே இழைக்குள் நான்கு உள்ளகங்கள். ஆற்றலை நான்கிலும் பகிர்ந்து அனுப்பியதால் எந்த ஒன்றும் எரியும் எல்லையைத் தொடவில்லை. பத்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வாட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் கிடைத்தது. அதே இழையில் வினாடிக்குப் பத்து கிகாபிட் தகவலும் ஓடியது. பேரிடரில் மின்சாரம் போன இடத்திலும், மின்சாரமே எட்டாத இடத்திலும் தொலைத்தொடர்புக் கருவியை ஓட்டுவதுதான் நோக்கம் என்று அவர்களே சொன்னார்கள். 2011-ஐக் கண்ட நாடு அது.

ஒரு வாட்டை வைத்து வைஃபையை ஓட்ட முடியாது, தொலைக்காட்சி பார்க்க முடியாது. ஒரு குரல் அழைப்புக்கு அது போதும், கருவியை அதற்கென்றே சிக்கனமாக வடிவமைத்தால். இங்கேதான் என் முதன்மையான வருத்தம். நம் ஓஎன்டிகள் எல்லாம் உச்ச வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. கரண்ட் போனதும் வேகத்தையெல்லாம் கைவிட்டு, குரலை மட்டும் காப்பாற்றும் ஒடுங்கிய நிலை ஒன்றுக்குப் போகும் கருவியை யாரும் கட்டாயமாகக் கேட்கவில்லை. உறக்கநிலைகள் தரங்களில் இருக்கின்றன; அவை மின்சாரச் செலவைக் குறைக்க எழுதப்பட்டவை. ஒரு வாட்டில் உயிரோடிருப்பது என்ற இலக்கை வைத்து யாராவது வடிவமைக்கச் சொன்னால் பொறியாளர்கள் செய்துவிடுவார்கள். பொதுமக்கள் சார்பில் அதைக் கேட்கும் அமைப்பு எதுவென்பதுதான் தெளிவாக இல்லை.

தமிழ்நாட்டில் இது தூரத்துச் செய்தி அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கோபுரங்கள் அடங்கியபின், கையில் போன் இருந்தும் பேச முடியாமல் மக்கள் தவித்தார்கள். எந்த ஊரில் என்ன சேதம் என்று அரசுக்கே தெரிய நாட்கள் பிடித்தன. இன்று பாரத்நெட் திட்டத்தில் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஒளி இழை போய்ச் சேர்கிறது. முதற்கட்டத்தில் நாட்டின் ஊராட்சிகளில் வைத்த கருவிகளோடு சூரியத் தகடும் பேட்டரியும் சேர்த்தே திட்டமிட்டார்கள். கிராமத்து மின்சாரத்தை நம்ப முடியாது என்பதை அதிகாரிகள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் தகட்டைத் துடைக்கவும் பேட்டரியைப் பார்க்கவும் ஊரில் ஒருவர் வேண்டும். பொது பேட்டரிக்கு முந்திய 1890களின் பிரச்சினை அப்படியே இங்கே இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இந்த இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே போகிறது. கம்பம் சாய்ந்தால் கேபிளும் சாயும். அறுந்த இழையில் ஒளியும் வராது, ஒளியோடு வரும் ஒரு வாட்டும் வராது. ஆகவே ஊராட்சிக்கு இரண்டு திசைகளிலிருந்து பாதை வேண்டும். அவற்றில் ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்குத் திருப்பிவிடும் ஸ்விட்ச் வேண்டும். அந்த ஸ்விட்ச்சுக்கு வேலை வரும் இரவு, ஊரில் மின்சாரமே இல்லாத இரவாகத்தான் இருக்கும். கம்பத்து மின்சாரத்தை நம்பி அதை வைத்தால், தேவையான ஒரே வேளையில் அது திரும்பாது. எஞ்சிய இழையில் வரும் ஒளியிலேயே ஆற்றலை எடுத்துக்கொள்ளும் ஸ்விட்ச் என்றால் திரும்பும். தெருமுனைக் கருவிக்குத் தொலைவிலிருந்தே மின்சாரம் தருவது பற்றிய ஆய்வுகளை ஆய்வகத்து ஆர்வமாக ஒதுக்காமல், நாகப்பட்டினத்துக் கடற்கரைக் கிராமத்தை மனதில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எல்லா வீட்டுக்கும் இதை நாளையே செய்ய முடியாது. கடற்கரையோரப் புயல் பாதுகாப்பு மையங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஊராட்சி அலுவலகங்கள் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி. வட்டாரத் தலைமையிடத்து எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒளியில் வரும் ஒரு வாட்டில் அது பேசட்டும். எக்ஸ்சேஞ்சில் டீசல் இருக்கும்வரை அது பேசும். டீசல் தீர்ந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரிந்திருக்கும். இதற்குக் கேபிளில் கூடுதலாக ஓர் இழை ஒதுக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் வேகத்துக்குப் பக்கத்திலேயே, கரண்ட் போனபின் எத்தனை மணி நேரம் என்ற எண்ணும் எழுதப்பட வேண்டும். இழை போடும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. நாற்பத்தெட்டு வோல்ட்டை நூறாண்டு காலம் கம்பியில் வைத்திருந்த துறைகள் செம்பைக் கழற்றிக்கொண்டிருக்கும் ஆண்டுகளும் இவையே.